வாசகர் கேள்வி – பதில்: இயந்திர யுகமும் எல்லையோர வீடுகளும்

தொழிற்புரட்சிக் காலத்துக் கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை மான்செஸ்டர், கிளாஸ்கோ முதலிய நகரங்களோடு நின்றிருந்தது. அதைப் படித்துவிட்டுச் செங்கோட்டையிலிருந்து களியக்காவிளை வரையிலும், போடியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரையிலும் கேரள எல்லையை ஒட்டி வாழும் வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்த இயந்திரங்கள் நம் அடுப்படிக்கும் திண்ணைக்கும் வந்து சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதே பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நம் அன்றாட வாழ்வை மிக அதிகமாக மாற்றிய கண்டுபிடிப்பு நீராவி இயந்திரம் என்று என் மகனின் பாடப்புத்தகம் சொல்கிறது. அது சரியா?
– வாசகர், புளியரை

பதில்: உலகத் தொழில்களைப் பொறுத்தவரை சரி. ஜேம்ஸ் வாட்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று அப்புத்தகம் சொல்லுமானால், அதை மட்டும் மகனுக்குத் திருத்திச் சொல்லுங்கள். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதற்குத் தாமஸ் நியூகோமன் 1712-லேயே நீராவி இயந்திரத்தை இயக்கிக் காட்டிவிட்டார். உருளையைச் சூடாகவே வைத்துக்கொண்டு, நீராவியை மட்டும் தனிக் கலத்தில் குளிரவைக்கும் முறைக்கே வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார். அதனால் நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்து, சுரங்க வாயிலைவிட்டு மற்றத் தொழிற்சாலைகளுக்கும் இயந்திரம் செல்ல வழி பிறந்தது.

ஆனால் தங்கள் கேள்வி அன்றாட வாழ்வைப் பற்றியது. ஒரு கருவி எத்தனை பேருடைய எத்தனை நாழிகை உழைப்பை விடுவித்தது என்பதை அளவுகோலாகக் கொண்டால், நம் பக்கத்து வீடுகளுக்கு நெல் அரைக்கும் இயந்திரத்தையே முதலில் வைப்பேன். அது வருமுன்னர், அன்றைய சோற்றுக்கான அரிசி அன்றோ முந்தைய நாளோ யாரோ ஒரு பெண்ணின் தோள் வலியிலிருந்து வந்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, முற்றத்தில் பரப்பிக் காலால் கிளறிக் காயவைத்து, உரலில் இட்டு, இருவர் எதிரெதிரே நின்று மாறிமாறி உலக்கை போட்டு, முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடியும் உரலில் இட்டுத் தீட்டி, நொய்யையும் தவிட்டையும் பிரித்தெடுத்த பிறகே உலையில் போட அரிசி கிடைத்தது. காய்ச்சலிலும் கர்ப்பத்திலும்கூட இந்த வேலைக்கு விடுமுறை இருந்ததில்லை.

அந்த உலக்கையை ஓய்வெடுக்க வைத்த இயந்திரம் காப்பிக்கொட்டைக்காகப் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோப் பகுதியைச் சேர்ந்த எவரிஸ்டோ கோன்ராடோ எங்கல்பெர்க் என்பவர், காய்ந்த காப்பிப் பழத்தின் தோலை நீக்குவதற்காக 1885-இல் இதை உருவாக்கினார். அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரத்தில் 1888-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அதைப் பெருமளவில் செய்து உலகெங்கும் விற்றது. வரிவரியாக முகடுகள் கொண்ட இரும்பு உருளை ஒன்று கூட்டுக்குள் சுழலும். கூட்டின் அடிப்புறத்தில் துளைத் தகடும், பக்கவாட்டில் தள்ளி நெருக்கக்கூடிய ஓர் இரும்புப் பட்டையும் இருக்கும். நெல் அந்த இடுக்கில் உராய்ந்து செல்லும்போதே உமியும் தவிடும் ஒருசேரக் கழன்று கீழே விழ, அரிசி மறுமுனையில் வெளிவரும். பழுது பார்ப்பது எளிது, விலையும் குறைவு, ஒரு சிறு எண்ணெய் இயந்திரமே அதை ஓட்டப் போதும் என்பதால், பெரிய ஆலைகள் எட்டிப்பார்க்காத சிற்றூர்களுக்கும் அது வந்தது. நாம் ரைஸ் மில் என்று சொல்லும் தகரக் கொட்டகைகளில் இன்றும் சிலவற்றில் ஓடுவது அதே அமைப்புத்தான்.

இதில் ஒரு தரப்பாரை மறந்துவிடக் கூடாது. வசதியுள்ள வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்து, கூலியாக அரிசியும் நொய்யும் தவிடும் பெற்றுப் பிழைத்த ஏழைப் பெண்கள் ஊர்தோறும் இருந்தார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் அது நிச்சயமான வருமானம். மில் வந்ததும் அந்த வேலை போனது. மில்லில் இயந்திரம் ஓட்டும் வேலையோ ஆண்களுக்குப் போனது. உரலடியில் வதங்கிய பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையும் கூலி இழந்த பெண்ணுக்கு நேர்ந்த பட்டினியும் ஒரே இயந்திரத்தின் விளைவுகள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் வரலாறு முழுமையாகும்.

கேள்வி: மில் அரிசி வந்த பிறகு அதனாலேயே புதிய நோய் பரவியது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்மை உண்டு. பெரிபெரி என்னும் அந்த நோய் முன்பே இருந்ததுதான். ஆனால் நீராவி ஆலைகளில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி கிழக்காசிய நாடுகளில் பரவிய 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது கொள்ளை நோய்போலப் பெருகியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். சிறைகளிலும் படைமுகாம்களிலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். ஏதோ ஒரு கிருமியே காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள்.

கிருமியைத் தேடித்தான் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் ஜாவாவுக்கு வந்தார். அங்கே படவியா நகரத்தில் அவர் சோதனைக்காக வளர்த்த கோழிகளுக்கு அதே போன்ற நரம்புத் தளர்ச்சி வந்து, சில மாதங்களில் தானாகவே நீங்கியது. விசாரித்தபோது, நோய் கண்ட காலத்தில் அக்கோழிகளுக்குப் படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டதும், புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாற்றப்பட்டதும் தெரியவந்தது. தவிட்டோடு சேர்ந்து ஏதோ ஒரு காப்புப்பொருள் போய்விடுகிறது என்பது அங்கேதான் தெளிவாகத் தொடங்கியது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளே இன்று நாம் வைட்டமின் பி1 என்று அறியும் தயமின்.

இதில் தமிழர்களுக்குத் தனி இடம் உண்டு. மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மாண்டுகொண்டிருந்தபோது, அதே நாட்டில் அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் பெரும்பாலும் தொடவில்லை. பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில் அதற்கான காரணத்தை அரிசியில் கண்டார்: சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள பி1 நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிவிடுகிறது. பிறகு இயந்திரம் எவ்வளவு தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது. இந்தியாவுக்குள்ளும் இதே வேறுபாடு காணப்பட்டது. பச்சரிசி உண்ணும் வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய ராபர்ட் மெக்காரிசன் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எந்த விஞ்ஞானியும் சொல்லித் தராத காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் நெல்லை அவித்தது பூச்சிக்கும் குருணைக்கும் அஞ்சித்தான் என்றாலும், அந்த வழக்கம் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். தங்கள் பாலக்காட்டுப் பக்கத்து மட்டை அரிசி அவித்ததாகவும் அதிகம் தீட்டப்படாததாகவும் இருப்பதால், அதையே தொடர்ந்து உண்பது நல்லது. அரிசியைத் தேய்த்துத் தேய்த்துப் பலமுறை கழுவுவதையும், கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவதையும் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். பி1 நீரில் கரையக்கூடியது.

கேள்வி: கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை வந்ததும் எங்கள் ஊரில் மிகவும் மாறியது எது? என் தாத்தாவின் பழைய குறிப்பேட்டில் ‘மதராஸ் நேரம்’ என்று எழுதியிருக்கிறார், அது என்ன?
– வாசகர், செங்கோட்டை

பதில்: தாங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். ரயில் நம் ஊர்களில் முதலில் மாற்றியது நேரத்தை.

பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்ட ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எனவே மலைக்கு அப்பால் தனித்துக் கிடந்த தன் சொந்தத் தாலுகாவோடும், அதன் வழியாக மதராஸ் மாகாணத்தோடும் கொல்லத்துக் கடற்கரையை இணைக்க அந்த அரசு விரும்பியது. தலைநகரமான திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918-இல்தான் எட்டியது என்றால், செங்கோட்டைக் கணவாய்க்கு எவ்வளவு முதன்மை இருந்தது என்பது விளங்கும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள நீண்ட குகையும், கழுதுருட்டியில் கருங்கல்லால் கட்டிய பதிமூன்று கண் பாலமும் அந்த உழைப்பின் சான்றுகள். மலையைக் குடைந்தும் கல்லைச் சுமந்தும் வேலை செய்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன்பு ஆரியங்காவுக் கணவாயை மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் வழி எத்தனை நாள் அடைபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வாழ்க்கைக்கு நாழிகைக் கணக்கு போதுமானது. இருபத்து நான்கு நிமிடம் கொண்ட ஒரு நாழிகை முன்பின்னாகப் புறப்பட்டாலும் சந்தைக்குப் போய்ச் சேரலாம். ஆனால் ரயிலுக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் பயனில்லை.

ஊருக்கு ஊர் உச்சிப்பொழுது வேறுபடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். செங்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வரும்போது சென்னையில் உச்சி கடந்து ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஒவ்வொரு நிலையமும் தன் ஊர் நேரத்தை வைத்துக்கொண்டால் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதிக்கொள்ளும். எனவே பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக அமைந்த சென்னையின் வானாய்வக நேரத்தை இந்திய ரயில்வேக்கள் தங்கள் பொது நேரமாகக் கொண்டு, தந்தி வழியாக நிலையங்களுக்கு அனுப்பின. தங்கள் தாத்தா குறித்து வைத்த மதராஸ் நேரம் இதுவே. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அது மதராஸ் நேரத்தைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தியது. ஆக, செங்கோட்டை ரயில் தொடங்கிய பதினான்கு மாதங்களுக்குள் நிலையத்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் நம் கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது செங்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வர, ஆண்டுச் சராசரியாக, இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ரயில் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே பலகையில்தான் உட்கார்ந்தாக வேண்டும். தெருவிலும் கிணற்றிலும் தீண்டாமை கடுமையாக இருந்த திருவிதாங்கூரில், காசு கொடுத்தவர் யாரானாலும் அருகில் உட்காரலாம் என்ற நிலை சிறியதன்று. ரயில் சாதியை ஒழித்துவிடவில்லை. வண்டியைவிட்டு இறங்கியதும் பழைய விதிகள் காத்திருந்தன. இருந்தாலும் சில மணி நேரமாவது அவ்விதிகள் இல்லாமல் உலகம் இயங்கும் என்பதை அந்தப் பலகைகள் மக்களுக்குக் காட்டின.

மீட்டர் கேஜ் வண்டி மலைப்பகுதியில் 2010-இல் நிறுத்தப்பட்டதும், அகலப்பாதைப் பணி முடிந்து 2018-இல் மீண்டும் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் தாங்கள் நேரில் கண்டவை.

கேள்வி: தந்தி சேவை எப்போது நிறுத்தப்பட்டது?
– வாசகர், ஆரியங்காவு

பதில்: 2013 ஜூலை மாத நடுவில் நிறுத்தப்பட்டது. 1850-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அருகே ஓஷாக்னசி என்னும் மருத்துவர் அமைத்த கம்பியில் தொடங்கியது, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. நம் ஊர்களில் தந்தி என்றாலே சாவுச் செய்தியோ என்று வீடு முழுவதும் நடுங்கிய காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: மின்சாரம் வருவதற்கு முன்பு இரவு வாழ்க்கையை மாற்றியது மண்ணெண்ணெய் விளக்கா, தீப்பெட்டியா?
– வாசகி, புனலூர்

பதில்: விளக்கு வாழ்க்கையின் நீளத்தை மாற்றியது, தீப்பெட்டி அதன் கவலையை நீக்கியது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் முன்பு எரிந்தவை புன்னை, இலுப்பை, ஆமணக்கு, தேங்காய் எண்ணெய்கள். இவை கெட்டியானவை, திரியில் அதிக உயரம் ஏறமாட்டா. அதனால் அகலின் விளிம்பிலேயே சுடர் சிறிதாக எரியும், காற்றடித்தால் அணையும். மண்ணெண்ணெய் நீர்த்தது, பட்டைத் திரியில் வெகுதூரம் ஏறும். மேலே கண்ணாடிச் சிம்னி வைத்தால் சூடான காற்று மேலெழுந்து கீழிருந்து புதிய காற்றை இழுக்கும். சுடர் நிமிர்ந்து வெளிச்சமாக எரியும். சிம்னியின் இந்த நுட்பத்தைச் சுவிட்சர்லாந்துக்காரரான ஆர்கன்ட் 1780-லேயே கண்டிருந்தார். 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்ட பிறகுதான் அதற்கேற்ற மலிவான எண்ணெய் கிடைத்தது. திமிங்கிலங்களைக் கொன்று எடுத்த எண்ணெயில் எரிந்த மேலைநாட்டு விளக்குகளும், நம் ஊர்ப் புன்னையெண்ணெய் விளக்குகளும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் பின்னுக்குப் போயின. சீமையெண்ணெய் வந்த தகர டின்னும் நம்மோடு தங்கிவிட்டது. ஏறத்தாழ பதினெட்டு லிட்டர் கொள்ளும் அந்தச் சதுர டின்னில் தண்ணீர் சுமந்தார்கள், அரிசி சேமித்தார்கள், வெட்டி விரித்துக் கூரையின் ஓட்டையை அடைத்தார்கள்.

நெருப்பின் நிலை வேறு. தீக்குச்சி இல்லாத வீட்டில் இரவு முழுவதும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிக் காக்க வேண்டும். அது அவிந்துவிட்டால் விடியலில் கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நெருப்புக் கேட்டுப் போக வேண்டும். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதற்கும் சாதி விதி இருந்தது. ஜான் வாக்கர் என்னும் ஆங்கில மருந்து வணிகர் 1827-இல் உரசினால் பற்றும் குச்சிகளை விற்கத் தொடங்கினார். அடுத்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகள் எங்கே உரசினாலும் பற்றின. ஆனால் அவற்றைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் 1888-இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த வரலாற்றை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த பாஷ் என்பவரின் யோசனையை லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1855 வாக்கில் வணிகமாக்கினார்கள். சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கத்தில் பூசிவிட்டதால், குச்சியும் பெட்டியும் சந்தித்தால்தான் தீப்பற்றும். ஆயினும் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளை இந்தியாவில் சட்டத்தால் தடுக்க 1913 வரை ஆனது. நஞ்சில்லாத வழி தெரிந்த பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் தொழிலாளர்களின் தாடையை விலையாகக் கொடுத்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழிலைக் கற்றுவந்து 1923-இல் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினார்கள். குச்சிக்கான மெதுமரம் நம் வறண்ட பக்கத்தில் வளராது; மட்டி போன்ற மரங்களைத் தங்கள் கேரளப் பக்கமே பெரிதும் கொடுத்தது. புனலூர் வழியாக மலையிறங்கி வந்த மர லாரிகளில் சிவகாசிக்குப் போனவையும் உண்டு.

கேள்வி: மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ரயில் நிலையம் இருந்ததா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இருந்தது. மூணாற்றிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருள, சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில் உருண்டது. இழுத்தவை காளை மாடுகள். 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு ரயில் பாதையாக மாறியது. மலையுச்சியிலிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி தங்கள் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். மலையாள மக்கள் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்று நினைவுகூரும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. பிறகு அது கட்டப்படவில்லை.

தேயிலையின் மாற்றம் தண்டவாளத்தைவிடத் தொழிற்சாலைக்குள்தான் அதிகம் நடந்தது. கையால் கசக்கிய கொழுந்தை 1870-களில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய உருட்டு இயந்திரம் கசக்கியது. கரிநெருப்பில் வாட்டிய வேலையை பெல்ஃபாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சனின் சூடான காற்று உலர்த்தி ஏற்றுக்கொண்டது. 1930-களில் உருவாகிப் பின்னர் பரவிய, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம் நம் தெருவுக்கே வந்த மாற்றம். பல்லுள்ள இரண்டு உருளைகளுக்கு இடையே கிழிபட்ட இலை மணியாகவும் தூளாகவும் வெளிவரும். குறைந்த தூளிலேயே கடுமையான சாயம் இறங்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்து ஏழைக்கும் எட்டும் விலையில் விற்கப்படும் கடை டீ அந்தத் தூளால்தான் இயன்றது. எல்லைச் சாவடிக்கு இருபுறமும் மக்கள் அரசியல் பேசும் டீக்கடை பெஞ்சுக்கு இந்த இயந்திரத்துக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மூணாற்றில் கொழுந்து பறிப்பதில் பெரும்பகுதி இன்றும் பெண்களின் கைகளையே நம்பியிருக்கிறது. கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். நூற்றைம்பது ஆண்டு இயந்திர முன்னேற்றம் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் நிகழ்ந்த அளவுக்கு, சரிவில் அட்டைக்கடியோடு நிற்கும் தொழிலாளிக்கு நிகழவில்லை.

கேள்வி: தையல் இயந்திரம் வந்ததால்தான் தென்திருவிதாங்கூரில் பெண்கள் ரவிக்கை அணியத் தொடங்கினார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். இது சரியா?
– வாசகி, குழித்துறை

பதில்: சரியன்று, இதை அழுத்தமாகவே மறுக்கிறேன். தென்திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற கொடுமைக்கு எதிராக 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே போராட்டம் நடந்தது. அடிபட்டும், ஆடை கிழிக்கப்பட்டும், வீடுகள் எரிக்கப்பட்டும் அவர்கள் பின்வாங்கவில்லை. 1859-இல் திருவிதாங்கூர் மன்னர் சாணார் பெண்களுக்கு மார்பை மறைக்கும் உரிமையை அறிவிக்க நேர்ந்தது; அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். அவர்கள் அணிந்த குப்பாயம் என்னும் மேற்சட்டைகள் கைத்தையலில் உருவானவை. எலியாஸ் ஹவ் 1846-லும் ஐசக் சிங்கர் 1851-லும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரங்கள் நம் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தது அதற்கு வெகுகாலம் பின்னர். பெண்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமையை ஓர் இரும்புக் கருவியின் கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

இயந்திரம் செய்தது வேறு. கையால் நாள் முழுவதும் தைக்க வேண்டிய சட்டையை ஒரு மணி நேர வேலையாக அது சுருக்கியது. பிரான்சில் தையற்காரர் திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்று இயந்திரங்களை நிறுவியபோது, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மற்றத் தையற்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். நம் பக்கத்தில் நடந்தது இதற்கு மாறானது. திண்ணையில் ஒரு மிதி இயந்திரத்தைப் போட்டவர் தையற்காரரானார். கணவனை நம்பியிராத வருமானம் பல பெண்களுக்கு அதிலிருந்து வந்தது. முழுத்தொகையும் கையில் இல்லாதவர்கள் அதை வாங்க முடிந்ததற்குக் காரணம், சிங்கர் நிறுவனம் 1850-களில் தொடங்கி உலகெங்கும் பரப்பிய தவணை முறை. முன்பணம் கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் தைத்துச் சம்பாதித்தே மீதிக் கடனை மாதந்தோறும் அடைக்கலாம் என்ற ஏற்பாடு, மிதிபலகையைப் போலவே அந்தக் கருவியின் ஓர் உறுப்பாக இருந்தது.